கடன் அடைக்கும் காலத்தில் ஒரு கல்யாணம்

1

அம்பாசமுத்திரத்திலிருந்து அரை நாள் பஸ் தூரத்தில் இருக்கிறவன் தன்னைப் புலம்பெயர்ந்தவன் என்று சொன்னால் ஊரில் சிரிப்பீர்கள். சிங்கப்பூர்க்காரன் எழுதலாம், துபாய்க்காரன் எழுதலாம். திருவனந்தபுரத்தில் பாத்திரக்கடையில் நிற்கிறவனுக்கு எழுத என்ன இருக்கிறது? ஆனால் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் போன அலுவலகத்தில், மலையாள விண்ணப்பத்தின் முதல் வரியைக்கூட வாசிக்க முடியாமல், மகளுக்குப் பள்ளிக்கூடம் விடும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாளில் எனக்கு விளங்கிவிட்டது, நான் வந்து சேர்ந்திருப்பது வேற்று நாடு என்று. நடுவில் கடல் ஒன்றுதான் இல்லை.

போன தை மாதம் தங்கை காந்திமதி போன் செய்தாள். சாலை என்று பேருள்ள எங்கள் கடைத்தெருவில் வியாபார நேரம். எதிரே ஒரு குடும்பம் கல்யாணத்துக்கு நிலவிளக்கு பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கையில் போன், மறு கையில் விளக்கு.

"அண்ணே, முத்துவுக்கு நாள் குறிச்சாச்சு. வைகாசியில. மாப்பிள்ளை தென்காசி. கரண்டு ஆபீஸ்ல வேலை."

"நல்ல காரியம்ளா."

"பத்திரிகையில தாய்மாமன்னு உன் பேரப் போட்டு, பக்கத்துல திருவனந்தபுரம்னும் போடச் சொல்லிட்டாவ எங்க வீட்டுல. சம்பந்தி வீட்டுலயும் சொல்லியாச்சு, சீரெல்லாம் மாமன் பாத்துக்கிடுவான்னு. முத்து சடங்குக்குச் செஞ்ச மாதிரி செஞ்சிரு, போதும்."

"பாத்துக்கிடலாம்" என்றேன். விளக்கை எடை போட்டேன். எடையைத் தப்பாகச் சொல்லி, முதலாளி திருத்தினார்.

வருஷக்கணக்கில் தள்ளிப்போய் நடந்த முத்துவின் சடங்குக்கு நான் தங்கச் சங்கிலியோடு தட்டு வரிசை கொண்டுபோயிருந்தேன். தெருவே எட்டிப் பார்த்தது. அது கிரெடிட் கார்டில் வாங்கிய சங்கிலி என்று தெருவுக்குத் தெரியாது. எனக்கும் அப்போது அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. மாவு வியாபாரம் ஓடிக்கொண்டிருந்தது.

2

மாவு வியாபாரத்தைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. கொரோனா வந்து கடை அடைத்திருந்தபோது, என் மனைவி பரமேஸ்வரி வீட்டு கிரைண்டரில் இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்தில் கொடுத்தாள். கரமனையில் நாங்கள் இருக்கும் சந்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. மாவு நன்றாக இருக்கிறது என்று பேர் வந்தது. நான் வங்கியில் பெர்சனல் லோன் போட்டுப் பெரிய கிரைண்டர் வாங்கினேன். ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் வாங்கி ஃப்ரீசர். இன்னொரு கம்பெனியில் ஸ்கூட்டர். காலையில் கடை கடையாகப் பாக்கெட் போட்டுவிட்டு, பாத்திரக்கடை மறுபடி திறந்த பிறகு அங்கேயும் போனேன். ஒரு வருஷம் அப்படி ஓடியது.

பிறகு பெரிய கம்பெனி பாக்கெட்டுகள் வந்தன. எங்கள் மாவு மறுநாள் புளிக்கும். அவர்களுடையது ஒரு வாரம் தாங்கும். அந்த வருஷ இடவப்பாதியில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், கரண்டு போய்ப் போய் வந்தது. புளித்த பாக்கெட்டுகளைக் கடைக்காரர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். தவணை கட்டக் கார்டில் எடுத்தேன். கார்டுக்குக் கட்ட இன்னொரு கார்டு. அதற்குக் கட்ட, போனிலேயே பணம் தருகிற ஆப். ஒருத்தனிடம் வாங்கி இன்னொருத்தனிடம் கொடுக்கிறதே ஒரு வேலையாகிவிட்டது. எந்தத் தேதியில் யார் கேட்பான் என்று தூக்கத்திலும் சொல்வேன்.

தவணை தவறியதும் போன்கள் ஆரம்பித்தன. மலையாளத்தில் திட்டினார்கள், ஹிந்தியில் திட்டினார்கள், இங்கிலீஷில் மரியாதையாகத் திட்டினார்கள். அதெல்லாம் மழைக்கோட்டின் மேல் தண்ணீர் மாதிரி வழிந்து போய்விடும். ஒருநாள் ஒருத்தன் நம்ம ஊர்த் தமிழில் பேசினான். "என்னண்ணாச்சி, வாங்கும்போது இனிச்சிதுல்லா? வீட்டுல பொம்பளப்பிள்ள வேற இருக்காம்லா?" என்றான். அன்றைக்குக் கடையில் வேலை ஓடவில்லை. நம் மொழிக்கு நம் உடம்பில் எல்லா வழியும் தெரிந்திருக்கிறது.

3

பரமேஸ்வரி அதற்குள் இரண்டு வீடுகளில் சமையலுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அதில் ஒரு வீட்டம்மா சொல்லித்தான் ராதாமணி மேடத்தைப் பார்க்கப் போனோம். வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மருந்துக்கடைக்கு மாடியில் ஒரு சின்ன அறையில், கடனில் மாட்டியவர்களுக்குக் கணக்குப் பார்த்துத் தருகிறார். மலையாளி, நம்மிடம் தமிழ் கலந்து பேசுவார்.

"எல்லாம் பறயணும் சுப்பையா. ஒண்ணு ஒளிச்சு வச்சாலும் கணக்கு தெற்றிப்போகும்."

சொன்னேன். நான் சில இடங்களில் நிறுத்தியபோது பரமேஸ்வரி எடுத்துக் கொடுத்தாள். சம்பளம், அவளுடைய சமையல் காசு, வாடகை, அரிசி, மகள் சங்கரியின் படிப்பு, பஸ். எல்லாம் போக என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தார். அந்த மிச்சத்தை ஒவ்வொரு கடன்காரருக்கும் அவரவர் பாக்கிக்குத் தகுந்தபடி பிரித்தார். இவரால் இவ்வளவுதான் முடியும், தவறாமல் கட்டுவார், வட்டியை நிறுத்தி வையுங்கள் என்று எல்லோருக்கும் எழுதினார். சிலர் வட்டியை நிறுத்தினார்கள், சிலர் குறைத்தார்கள். ஒரு ஆப் கம்பெனி மட்டும் மசியவில்லை. தனியாக ஒரு கணக்கு திறந்தோம். சம்பள நாளில் அதில் பணம் போட்டுவிட்டால், அங்கிருந்து ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கு போய்விடும். முடிய வருஷங்கள் ஆகும். அதுவரை வங்கிகளில் என் பேர் கெட்டிருக்கும். புதுக் கடன் எங்கேயும் வாங்கக் கூடாது. வாங்கினால் கட்ட முடியாமல் போகும், ஒத்துக்கொண்டவர்கள் எல்லாரும் பழைய வட்டிக்கே திரும்பிவிடுவார்கள்.

எழுதிக்கொண்டே வந்தவர் கேட்டார்: "நாட்டுக்குப் பைசா அனுப்பறதுண்டோ?"

மலையாளத்தில் நாடு என்றால் சொந்த ஊர்.

"மாசாமாசம் இல்ல மேடம். தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் வந்தா மாமன் சீர் செய்யணும்."

"அது கடமோ, கடமயோ?"

அவர்களுக்குக் கடம் என்றால் வாங்கிய பணம். கடம என்றால் செய்தாக வேண்டிய பொறுப்பு. நமக்குக் கடமை என்று தனிச் சொல் இருந்தாலும், கடன் என்ற ஒரே சொல் இரண்டுக்கும் போதும்.

"ரெண்டும்தான் மேடம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கேபிள் டிவியை வெட்டிவிட்டு, அந்தக் காசை 'நாட்டுக் காரியம்' என்று தனியாக ஒதுக்கினார். மாதத்துக்கு ஒரு சின்னத் தொகை. அதில் சங்கிலியின் கொக்கிகூட வராது.

4

நிம்மதி வந்திருக்க வேண்டும். பரமேஸ்வரிக்கு வந்தது, அவள் தூங்கினாள். எனக்குக் கை பரபரத்தது. அத்தனை நாள் ஓடிய ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தினால் காலுக்கு நிற்கத் தெரியவில்லை. சாலையிலிருந்து கரமனைக்கு பஸ்ஸை விட்டு நடந்துதான் வருவேன். ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் போனை எடுத்துப் பார்ப்பேன். ஒருவரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். யாரையோ மறந்துவிட்டோமோ என்று பேர்களை மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். வீட்டில் சோற்றுத் தட்டோடு எழுந்து எழுந்து வாசலைப் பார்ப்பேன். "ஒரு எடத்துல உக்காருங்களேன், எனக்குத் தலை சுத்துது" என்பாள் பரமேஸ்வரி.

மசியாத அந்த ஆப் கம்பெனி மட்டும் எப்போதாவது கூப்பிடும். ஒருநாள் சங்கரி போனை எடுத்துவிட்டாள். பிளஸ் டூ படிக்கிறாள். பிறந்தது இங்கே, படித்தது மலையாளத்தில். தமிழ் பேசுவாள்; ஒரு எழுத்தும் தெரியாது.

"அச்சன் இவிடெ இல்லா" என்றாள் போனில். நான் அவளுக்கு எதிரே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள், வீட்டுக்கு ஆள் வந்தால் போலீஸில் புகார் கொடுப்போம் என்று மடமடவென்று மலையாளத்தில் பேசினாள். அந்தப் பக்கம் இருந்தவன் "மோளே, மோளே" என்று இறங்கி வந்தான்.

போனை வைத்துவிட்டு, "அப்பா, இனி டென்ஷன் அடிக்கண்டாம்" என்றாள்.

பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அவள் பேசிக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் யாருடையது என்று எனக்குப் பிடிபடவில்லை. வீட்டில் நான் அப்பா. வெளியே அவளுக்கு ஒரு அச்சன் இருக்கிறான். அவனை எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

5

காந்திமதியின் போன் வந்த பிறகு அந்தப் பரபரப்பு இரண்டு மடங்காகிவிட்டது. கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. சங்கரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல உங்க பேரு எவிடெ?" என்று கேட்டாள். விரலை வைத்துக் காட்டினேன். பேருக்குப் பக்கத்தில் திருவனந்தபுரம் தடித்த எழுத்தில் இருந்தது.

சாலையில் கடைப் பையன்களுக்கும் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களுக்கும் வட்டிக்குக் கொடுக்கும் சண்முகவேல் என்று ஒருத்தர் உண்டு. சங்கரன்கோவில் பக்கம். டீக்கடையில் என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். "தங்கச்சி மக கல்யாணத்துக்குச் சங்கிலி போடணும்னா நான் தாரேன் அண்ணாச்சி. பேப்பரே வேண்டாம். நம்ம ஊர்க்காரர்ட்ட என்ன பேப்பர்?" மறுநாள் ரூபாய்க் கட்டை என் சட்டைப் பையில் வைத்துவிட்டார். நான் தடுக்கவில்லை.

அன்றைக்கு நடந்து வரும்போது உடம்பு லேசாக இருந்தது. பழைய சுறுசுறுப்பு. இதை எந்தத் தேதியில் எப்படித் திருப்புவது என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. சந்தோஷமாகவே போட்டது. அதுதான் பயமாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் பரமேஸ்வரி என் பையைப் பார்த்தாள்.

"யாருட்ட வாங்குனீய?"

சொன்னேன்.

"அதத் திருப்பிக் குடுத்துட்டு வந்து சாப்பிடுங்க."

"சபையில நான் எப்படி நிப்பேன் பரமு? தாய்மாமன்னு பேர் போட்டிருக்கு."

"சபை ஒரு நாளு. நான் ரெண்டு வீட்டுல சட்டி கழுவுறது தினமும். இந்தக் காசுல சங்கிலி வாங்குனீயன்னா நானும் பிள்ளையும் கல்யாணத்துக்கு வரல. அவ்வளவுதான்."

திரும்ப நடந்தேன். சண்முகவேல் கடை அடைக்கிற நேரத்தில் வசூலுக்கு நின்றுகொண்டிருந்தார். வாங்கிக்கொண்டார். "ஒரு சாயங்காலம் பையில இருந்ததுக்கெல்லாம் வட்டி கேக்க மாட்டேன் அண்ணாச்சி" என்று சிரித்தார்.

சாப்பிடும்போது பரமேஸ்வரி சொன்னாள்: "தங்கச்சிட்ட போன்ல சொல்லாதீய. நேர்ல போயிச் சொல்லுங்க. கல்யாணத்தன்னிக்குத் தெரிஞ்சா அது வேற மாதிரி ஆயிரும்."

6

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் பிடித்து நாகர்கோவில், திருநெல்வேலி மாறி அம்பாசமுத்திரம் போனேன். காந்திமதியின் வீட்டுக்காரர் செல்லத்துரை பத்திரிகை வைக்கக் கடையம் பக்கம் போயிருந்தார். முத்து வேலைக்குப் போயிருந்தாள். வெள்ளையடித்த வீட்டில் சுண்ணாம்பு வாடை. காந்திமதி மட்டும் முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்க?"

உட்கார்ந்தேன். காபி வந்தது. காபி ஆறுகிறவரை மாவு வியாபாரம், கார்டு, ஆப், மேடம், அந்தத் தனிக் கணக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பட்டுப்புடவையும் ஒரு நிலவிளக்கும் கொண்டு வருவேன், அதற்கு மேல் இப்போது முடியாது என்றும் சொன்னேன்.

அவள் சல்லடையைக் கீழே வைக்கவே இல்லை.

"இதெல்லாம் எப்ப நடந்தது?"

"ரெண்டு மூணு வருஷமா நடக்கு."

"அந்த மேடத்துட்ட எப்ப சொன்ன?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம்."

"ஒரு மலையாளத்துப் பொம்பளைக்கு அப்பவே தெரியும். எனக்கு, கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கையில தெரியணும். அப்படித்தான?"

அவள் எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து என் முன்னால் ஒரு சங்கிலியை வைத்தாள். அவளுடையது.

"இத எடுத்துட்டுப் போ. பாலிஷ் போட்டு, புதுப் பெட்டியில வச்சுக் கொண்டா. நீ செஞ்ச மாதிரி தட்டுல வை. எனக்கும் உனக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும். இவுகளுக்குக்கூடத் தெரிய வேண்டாம்."

உங்களிடம் பொய் சொல்ல என்ன இருக்கிறது, என் கை நீண்டது. சங்கிலியைத் தொட்டுவிட்டேன். எடுத்துப் பையில் போட்டால் எல்லார் முகமும் பிழைத்துவிடும். ஆனால் அதையும் ஒருநாள் நான் அவளுக்குத் திருப்பித் தந்தாக வேண்டும். எந்தத் திட்டத்திலும் ஏறாத கடனாக அது என்னோடு சுற்றும்.

"வேண்டாம்ளா. நான் கொண்டு வாரதத்தான் வைப்பேன்."

"அப்ப என் மானம்?"

சங்கிலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், நான் செருப்பு மாட்டும்போதும் வெளியே வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். பிறந்து வளர்ந்த ஊர்தான். ஒரு கடையில் போய் சோடா கேட்டபோது, கடைக்காரப் பையன் "கேரளாவா அண்ணாச்சி?" என்றான். என் பேச்சில் என்ன கேட்டதோ.

7

கல்யாண மண்டபத்தில் மைக்கில் சீர் வாசித்தார்கள்.

"தாய்மாமன் திருவனந்தபுரம் சுப்பையா அவர்கள் சீர். பட்டுப்புடவை ஒன்று. நிலவிளக்கு ஒன்று. பழத்தட்டு…" வாசித்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று. நான் இல்லை என்று தலையசைத்தேன். மைக்கில் ஒரு கணம் வெறும் காற்று இரைந்தது. பிறகு அடுத்த பேர்.

செல்லத்துரை முகத்தைத் திருப்பிக்கொண்டார். சம்பந்தி வீட்டு அம்மா ஒருத்தி, "திருவனந்தபுரம்னு பெருசா போட்டிருந்துது" என்று சொன்னது என் காதில் விழுகிற மாதிரிதான் சொல்லப்பட்டது. சங்கரிக்கும் விழுந்தது. அவள் தன் அம்மாவிடம் மலையாளத்தில் ஏதோ கேட்டாள். பரமேஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முத்து காலில் விழுந்து எழும்போது, "மாமா, விளக்கு ரொம்ப நல்லாருக்கு" என்றாள். அந்தப் பிள்ளைக்கு யாராவது சொல்லியிருப்பார்களோ, தானாகச் சொன்னாளோ தெரியாது. காந்திமதி அன்றைக்கு முழுவதும் நான் இருந்த பக்கம் வரவில்லை. சாப்பிட்டீர்களா என்று பரமேஸ்வரியிடம் மட்டும் கேட்டாள்.

அடுத்த மாதமும் தனிக் கணக்கிலிருந்து பங்குகள் ஒழுங்காகப் போயின. மேடம் பார்த்துவிட்டு, "மிடுக்கன்" என்று பாராட்டினார். கெட்டிக்காரன் என்று அர்த்தம். நான் மாடிப்படியில் இறங்கி வந்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் மருந்துக்கடை வாசலில் நின்றேன். ஒழுங்காக இருக்கிறவனும் தங்கைக்கு முகம் காட்ட முடியாதவனும் ஒரே ஆள்தானா என்று இருந்தது.

ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. நான் கூப்பிட்டால் செல்லத்துரை எடுத்து, "அவ வெளிய போயிருக்கா" என்பார்.

8

போன மாதம் ஒரு மத்தியானம் காந்திமதியே கூப்பிட்டாள். கடையில் ஆள் இல்லாத நேரம்.

"நல்லாருக்கியாண்ணே?"

"இருக்கேன்ளா. நீ?"

"மதினி, சங்கரியெல்லாம்?"

"இருக்காங்க."

பிறகு, "அந்த மேடம் இப்பவும் இருக்காவளா?" என்றாள்.

"எந்த மேடம்?"

"உனக்குக் கணக்குப் பாத்துத் தந்தாவல்லா, அவுக."

விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தேன். கல்யாணத்துக்காக மகளிர் குழுக்களில் கடன் வாங்கியிருந்தாளாம். ஒன்றைக் கட்ட இன்னொன்று. பிறகு கந்துவட்டி. வாராவாரம் குழுப் பெண்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்களாம். செல்லத்துரை வேலையிலிருந்து வருவதற்குள் இவள் அவர்களைச் சமாளித்து அனுப்பிவிடுகிறாள்.

எனக்குக் கோபம் வந்தது. என்னிடம் மானம் என்று கேட்டாயே, அப்போதே உன் கழுத்து வரைக்கும் வந்திருந்ததா என்று கேட்க நாக்கு எழுந்தது. கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்றேன். அவள் அழ ஆரம்பித்தாள்.

மேடம் போனில் பேசச் சம்மதித்தார். ஆனால் அவருடைய தமிழ் அம்பாசமுத்திரம் வரைக்கும் போகாது. காந்திமதிக்கு மலையாளம் ஒரு சொல் தெரியாது. மாடி அறையில் மேஜைமேல் போனை வைத்து, நடுவில் சங்கரி உட்கார்ந்தாள். நானும் பரமேஸ்வரியும் சுவரோரம் இருந்தோம். காந்திமதி சொல்லச் சொல்ல இவள் மலையாளத்தில் சொன்னாள்.

"அத்தை, ஒரு மினிட். கந்துவட்டின்னா எந்தா?"

காந்திமதி விளக்கினாள். சங்கரி கேட்டுக்கொண்டே என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மேடத்திடம் சொன்னாள். வட்டி, தவணை, பாக்கி என்று தடுக்கித் தடுக்கி, தெரியாத சொல்லை அத்தையிடமே கேட்டுக் கேட்டு, ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். இவ்வளவு நேரம் அவள் தமிழ் பேசி நான் கேட்டதில்லை.

எல்லாம் முடிந்ததும் மேடம் மெதுவாக ஒன்று கேட்டார். சங்கரி போன் பக்கம் குனிந்தாள்.

"அத்தை, இது வீட்டுல ஆருக்கெல்லாம் தெரியும்னு மேடம் கேக்காங்க."

அந்தப் பக்கம் தெருவில் ஏதோ வண்டி போகிற சத்தம் வந்தது. காந்திமதி மூக்கை உறிஞ்சினாள்.

"எங்க அண்ணனுக்குத் தெரியும்னு சொல்லும்மா" என்றாள்.